நந்தனார் புகுந்த தீ: ஏட்டிலிருந்து திரைக்கு

சிதம்பரம் ஓமக்குளத்தில்தான் நந்தனார் தீயில் இறங்கினார் என்பது ஊர் வழக்கு. அவர் கதையைச் சொன்ன தமிழ்ப் படங்களைப் பக்திப் படங்கள் என்று ஒதுக்கிவிட்டால், எண்ணூறு ஆண்டுகளாக அந்தக் கதைக்குள் நடந்துவந்த ஒரு வழக்கு கண்ணில் படாமல் போகும். மாற வேண்டியவர் யார் என்பதே அந்த வழக்கு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய நந்தனாருக்கு ஆண்டை கிடையாது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பரம்பரை மானிய நிலத்தில் வாழ்ந்து, கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். தில்லை எனும் சிதம்பரத்தில் இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கச் சொல்கிறான். தென்வாயிலுக்கு வெளியே அந்தணர்கள் தீ வளர்க்கிறார்கள். மூழ்கியவர் பூணூலோடு முனிவராக எழுகிறார். மாற வேண்டியிருந்தது அவர் உடல் மட்டுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தம் கீர்த்தனையில் நந்தனாரைப் பண்ணையாளாக்கினார். நாற்பது வேலியையும் அறுத்து முடித்தால் சிதம்பரம் போகலாம் என்கிறார் அவருடைய ஆண்டையான வேதியர். ஒரே இரவில் அறுவடை முடிந்துவிடுகிறது. ஆண்டை அடிமையின் காலில் விழுகிறார். புராணத்தில் இல்லாத இந்த வேதியர்தான் கதையை நாடகமாக்கினார் என்பது என் முடிவு. தீ அப்படியே இருக்க, இப்போது மாறுபவர்கள் இருவர். இதே நூற்றாண்டில், 1867இல், வடலூர் தருமசாலையில் இராமலிங்க அடிகள் இன்னொரு தீ மூட்டினார். சாதி கேளாமல் சோறாக்கிய அந்த அடுப்பையும் இந்தக் கதையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திரைப்படம் சேக்கிழாரை விட்டுப் பாரதியைப் பின்பற்றியது. 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராக நடித்தார். அவருக்குப் பேசிய ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் கேள்விப்படாத தொகை. வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். இரு படங்களிலும் பாட்டு அத்தனை இனிமை. அந்த இனிமையாலேயே, ஒரு மனிதன் எரிய நேர்வதைக் கண்டு பார்ப்பவர் பதறாமல் போகிறார் என்று எனக்குப் படுகிறது.

பார்ப்பவரைப் பதறவைக்கும் தீயும் திரையில் உண்டு. டென்மார்க்கின் கார்ல் டிரையர் 1928இல் ஜோன் ஆஃப் ஆர்க்கின் கதையைப் படமாக்கியபோது, 1431ஆம் ஆண்டு விசாரணைப் பதிவுகளையே ஆதாரமாகக் கொண்டார். அவரது தீ உயிரைக் குடிக்கிறது. கண்ட மக்கள் கொதித்தெழுகிறார்கள். நந்தனார், ஜோன் இருவருமே புனிதர்கள் என்று வணங்கப்படுகிறவர்கள். ஆனால் ஒரு திரையில் தீயை மூட்டியவர்கள் குற்றவாளிகள். மற்றொன்றில் யாரும் குற்றவாளி இல்லை.

சிதம்பரத்தில் இந்தக் கதைக்கு வேறொரு தொடர்ச்சியும் இருந்தது. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளியைத் திரைக்காரர்கள் அறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், 1949இல் வந்த ‘நல்லதம்பி’ அதே பாதையில்தான் நடந்தது. ஃபிராங்க் காப்ராவின் 1936ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தைத் தழுவி அண்ணா எழுதிய படம் அது. அதில் என். எஸ். கிருஷ்ணன் நடத்தும் ‘கிந்தனார்’ காலட்சேபத்தின் நாயகன் தில்லைக்குப் போகவில்லை. ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். அவன் எந்தத் தீயிலும் இறங்கவில்லை.