ரத்தம் போனா மூலம்தானா? ஒரு நூறு வருஷக் கதை

காஞ்சிபுரத்துக்காரன்னா பட்டு, கோயில், இட்லின்னுதான் எழுதணுமா என்ன? எங்க ஊர் காரப்பேட்டையில ஒரு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. இந்த ஊர்ல பிறந்த அண்ணா 1969 பிப்ரவரி 3-ல் புற்றுநோயால் மறைந்தார். அதே வருஷம் அவர் பெயரில் தொடங்கியது. அந்த வழியா போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். ஆபரேஷன் செஞ்சவங்கள்ல சிலர் மட்டும் எப்படி ரொம்ப வருஷம் நல்லா இருக்காங்க?

மலக்குடல் புற்றுநோயை வச்சே பார்ப்போம். முகம் சுளிக்காதீங்க மக்களே, வெட்கப்பட்டுத்தான் இதைப் பேசாமலே விட்டுட்டோம்.

லண்டன்ல எர்னஸ்ட் மைல்ஸ்னு ஒரு சர்ஜன். கீழ்ப்பக்கமா மட்டும் வெட்டி எடுத்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பிடுச்சு. அதனால வயிறு வழியாவும் போய், நோய் பரவுற நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் முறையை 1908-ல் எழுதினார். ஆனா பிழைச்சவங்களுக்கு மலம் போக வயித்துல நிரந்தரமா ஒரு வழி.

1932-ல் கத்பர்ட் டியூக்ஸ் நோயை மூணு படியா பிரிச்சார். குடல் சுவருக்குள்ளேயே இருக்கா, சுவரைத் தாண்டிடுச்சா, நிணநீர் முடிச்சுக்குப் போயிடுச்சா? ஆயுளைச் சொல்றதில் இன்னிக்கும் இதுதான் முதல் கணக்கு.

அடுத்தது சர்ஜனோட கை. மலக்குடலைச் சுத்தி ஒரு கொழுப்புப் போர்வை இருக்கு. அதுல மிஞ்சுற துணுக்குதான் நோயைத் திருப்பிக் கொண்டுவருதுன்னு 1982-ல் பில் ஹீல்ட் எழுதினார். போர்வை கிழியாம, அவசரப்படாம முழுசா பிரிச்செடுக்கணும். பட்டு இழையைக் கையாளுற நிதானம்னு வச்சுக்குங்களேன். வெட்டின ஓரத்துல நோய் இல்லைன்னா நம்பிக்கை கூடும்.

1997-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வுல, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வாரம் கதிர்வீச்சு கொடுத்தாங்க. அஞ்சு வருஷம் பிழைச்சவங்க 48 சதவீதத்திலிருந்து 58 ஆனாங்க.

கையும் கதிரும் டாக்டர் பாடு. எந்தப் படியில போய் நிக்கிறோம்ங்கறதுல நமக்கும் பங்கு இருக்கு. நாள் முழுக்க தறியில உட்கார்றவர் ரத்தம் போனா "உடம்பு சூடு, மூலம்"னு மாசக்கணக்கா நாட்டு மருந்து சாப்பிடுவார். மூலமாவே இருக்கலாம். ஆனா டாக்டர் கையுறை போட்டு விரலால் பார்க்கிற ரெண்டு நிமிஷப் பரிசோதனையிலயே பல கட்டிகள் தட்டுப்படும்.

வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.