லாலியில் ஒரு தமிழ் வகுப்பு

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவன் நான். மாற்றுக்கல்வி என்று பேச்செடுத்தால் சாந்திநிகேதனையும் சம்மர்ஹில்லையும் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி, லாலி ரயில் நிலையத்தருகே இருந்த காந்தியின் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே எழுத்துக் கூட்டிய பிள்ளைகளில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை போனவர்களில் தமிழர் ஏராளம். ஆண்கள் உள்ளே போனதும் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கையிருப்பு கரைந்தது. எல்லோரும் ஓரிடத்தில் கூடி உழைத்துச் சாப்பிட்டால் தாக்குப்பிடிக்கலாம் என்று காந்தி நினைத்தார். அவருடைய நண்பர், கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், 1910 மே 30 அன்று தம்முடைய 1,100 ஏக்கர் பண்ணையை வாடகை வாங்காமல் கொடுத்தார். ஏறக்குறைய 1,000 பழமரங்கள், இரண்டு கிணறு, ஓர் ஊற்று, ஐந்தாறு பேர் தங்கக்கூடிய ஒரு வீடு. பள்ளிக்கூடம் திறக்கவென்று யாரும் அங்கே போகவில்லை. இருபது முப்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள், பள்ளியும் வந்துவிட்டது.

ஊற்று 500 கஜம் தள்ளி இருந்தது. காவடியில் தண்ணீர் சுமந்தார்கள். வேலைக்காரர் கிடையாது. குழி வெட்டுவது, மரம் வெட்டுவது, சுமை தூக்குவது எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. காலன்பாக் மரியான்ஹில் துறவிமடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே வகுப்பு. பிள்ளைகளுக்கும் வாத்தியாருக்கும் சேர்ந்தே கண் சொக்கும். தண்ணீர் தெளித்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள்.

தமிழும் உருதுவும் காந்தியின் பொறுப்பு. கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துக் கற்ற தமிழ் அவருடையது. தமிழ்ப் பிள்ளைகளோ தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள், தமிழ் எழுத்தே அறியாதவர்கள். எழுத்தையும் தொடக்க இலக்கணத்தையும் அவர் சொல்லிக்கொடுத்தார். பேச்சில் பிள்ளைகள் அவரை மிஞ்சினார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் அவரைப் பார்க்க வந்தால் அந்த மாணவர்களே மொழிபெயர்த்தார்கள். தமக்குத் தெரியாததை அவர்களிடம் அவர் மறைக்கவில்லை. இதைப் படித்த பிறகே, "எனக்குத் தெரியலப்பா, நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று என் வகுப்பில் சொல்லும் துணிவு எனக்கு வந்தது.

அங்கே எல்லாம் சீராக நடந்ததென்று சொல்ல மாட்டேன். அடங்காத ஒரு பையனைக் காந்தி ஒருநாள் ரூல்தடியால் அடித்துவிட்டார். அடிக்கும்போதே கை நடுங்கியது. பையன் பதினேழு வயதுக் கட்டுடல்காரன், திருப்பி அடித்திருக்க முடியும். அழுது மன்னிப்புக் கேட்டான். அந்த அடிக்காக அவர் பின்னாளிலும் வருந்தி எழுதினார். பிரம்பைக் கீழே வைக்க எனக்கும் பல வருஷம் பிடித்தது.

1913 தொடக்கத்தில் பண்ணை கலைந்தது, பிள்ளைகளில் சிலர் காந்தியோடு அவருடைய ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனார்கள். தாய்மொழியில் பாடம், கைத்தொழில் வழியே படிப்பு என்று 1937இல் வார்தாவில் காந்தியின் ஆதாரக் கல்வி உருவானபோது, சேவாகிராமத்தில் அதை மனைவி ஆஷாதேவியோடு நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம்.

நான் படித்த ஆசிரியர் பயிற்சியில் ஆதாரக் கல்வி வார்தாவில் தொடங்கியது. இப்போது பயிற்சி தருகிறவர்களே, தயவுசெய்து லாலியிலிருந்து தொடங்குங்கள்.