மூக்குக்கும் வயிற்றுக்கும் ஒரே விளக்கு

மதுரையைத் தூங்கா நகரம் என்பர். நள்ளிரவில் பரோட்டாவும் சால்னாவும் உண்டு உடனே படுப்பவருக்குச் சில வேளைகளில் புளித்த நீர் நெஞ்சில் ஏறி எரியும். இதுவே எதுக்களிப்பு. நாள்பட்ட சைனஸ் நோயோ மூக்கடைப்பும் முகக்கனமும் தருவது. இரண்டும் ஒருவருக்கே வந்துவிட்டால், எந்தத் தொல்லை எதனால் என்று அறிவது எவ்வாறு? உடலின் உள்ளே பார்த்தாக வேண்டும். அதற்கு இயற்பியல் வழி திறந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

ஒளி நேர்கோட்டில் செல்வது. உணவு செல்லும் பாதையோ வளைந்தது. 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேரான குழாயைச் செலுத்திப் பார்த்தார். நோயாளிகள் எல்லோரும் வித்தைக்காரர்கள் அல்லரே!

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும், வளையும் கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தை அனுப்பிக் காட்டினர். 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. மதுரை மருத்துவக் கல்லூரி தோன்றியதும் அவ்வாண்டே. தத்துவம் நீங்கள் வகுப்பில் படித்ததுதான்: முழு அகப் பிரதிபலிப்பு. ஆனால் இழைகள் ஒன்றையொன்று தொட்ட இடங்களில் ஒளி கசிந்தது. 1956-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கர்ட்டிஸ், ஒளிவிலகல் எண் குறைந்த கண்ணாடியால் இழைக்கு உறையிட்டார். 1957-இல் ஹிர்ஷோவிட்ஸ் அவ்வகைக் கருவியை முதலில் தம் தொண்டையிலேயே செலுத்திப் பார்த்தார்.

மூக்குக்கும் ஹாப்கின்ஸே துணை நின்றார். மெல்லிய குழாயில் சிறு வில்லைகளுக்குப் பதில் நீண்ட கண்ணாடித் தண்டுகளை வைத்து, உருவத்தை வெளிச்சமாக்கினார். அக்கருவியால் ஆஸ்திரிய மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் மூக்கின் உட்புறத்தை ஆராய்ந்து 1978-இல் நூல் வெளியிட்டார்.

ஆயினும் வீக்கத்தைக் காட்டும் கருவி, உறங்காத இரவைக் காட்டாது. ஆகவே சைனஸ் நோயாளிகளிடம் 22 கேள்விகள் கேட்கின்றனர். உறக்கம், களைப்பு, வேலையில் கவனம் எனத் தம் தொல்லை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை அவர்களே மதிப்பெண் இடுவர். ஆனால் இருமல், தொண்டையில் சளி கட்டிய உணர்வு ஆகியவை எதுக்களிப்பாலும் வரலாம். மதிப்பெண் ஏறியதற்கு மூக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இவ்விரு நோய்களுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறினாலும், அமிலமே சைனஸ் நோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை.

எனவே, மூக்குக்காக மருத்துவரிடம் சென்றாலும் உங்கள் நெஞ்செரிச்சலையும் மறவாமல் சொல்லுங்கள். எங்கே விளக்கைக் காட்டுவது என்பதை உங்கள் சொல்லே அவருக்கு உணர்த்தும்.