அக்காவின் பன்னிரண்டாவது வருஷம்

2005இல் ஆசிய ஒப்பீட்டுக் கல்விச் சங்கம் தன் ஐந்தாவது மாநாட்டைப் பாங்கியில், மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் நடத்தியது. நான் அப்போது ஈப்போவில், குனோங் ராபாட்டில், தமிழ்ப்பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவன். பல நாட்டுப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பேச ஆட்கள் கூடியிருந்ததெல்லாம் எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பொறியியல் படித்தவன், கல்வியியல் என் துறையும் அல்ல. இந்தச் சங்கத்தைத் தேடிப் படிக்க வைத்தது வீட்டுக் கணக்கு ஒன்று.

யுபிஎஸ்ஆரில் அக்காவுக்கு மலாய்மொழி கைவிட்டது. அதனால் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு. ஐந்தாம் படிவம் முடிக்க அவளுக்குப் பன்னிரண்டு வருஷம்; எதிர்வீட்டு மலாய்ப் பையனுக்குப் பதினொன்று. “எனக்கு மட்டும் ஏன்டா ஒரு வருஷம் கூட?” என்று இன்னும் கேட்பாள்.

சங்கம் 1995இல் தோன்றியது. முதல் மாநாடு 1996இல் தோக்கியோவில். இந்தியாவில் 1979லேயே, ஹாங்காங்கில் 1989லேயே இப்படிச் சங்கங்கள் இருந்தன. ஆசியா முழுவதற்கும் ஒரு மேடை பிறகுதான் அமைந்தது. அதே 1995இல் மார்க் பிரேயும் மர்ரே தாமஸும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒப்பீடு நாட்டோடு நின்றுவிடக் கூடாது. மாநிலம், வட்டாரம், பள்ளி, வகுப்பறை, தனிமனிதர் வரை இறங்க வேண்டும் என்றார்கள். வாசித்தபோது அக்காதான் நினைவுக்கு வந்தாள். ‘மலேசியா: பதினொரு ஆண்டுகள்’ என்று அட்டவணை போட்டால் அவள் அதில் எங்கே?

எங்கள் நாட்டில் உள்ளுக்குள்ளேயே ஒப்பிட எவ்வளவோ இருக்கிறது. 1951இல் மட்டும் இரண்டு அறிக்கைகள். எல்லாருக்கும் ஒரே தேசியப் பள்ளி, மலாயும் ஆங்கிலமும் போதும் என்றது பார்ன்ஸ் அறிக்கை. சீனப் பள்ளிகளை ஆராய்ந்த ஃபென்-வூ அறிக்கை அவை நீடிக்க வேண்டும் என்றது. 1961 கல்விச் சட்டத்துக்குப் பிறகு சீனச் சமூகம் தன் செலவில் தனியார் இடைநிலைப் பள்ளிகளைக் காப்பாற்றிக்கொண்டது. நமக்கு அப்படிக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. தமிழ்க்கல்வி ஆறாம் ஆண்டோடு சரி. அதற்கும் காரணம் உண்டு. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். அதற்கு மேல் படிக்க வைக்கும் எண்ணம் துரைமாருக்கு எதற்கு? பாட்டி படித்ததும் அப்படியொரு தோட்டப் பள்ளியில்தான், ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒரே கொட்டகை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். “சரி, அந்தப் பாங்கி கூட்டத்துல புகுமுக வகுப்பு பத்தி யாராச்சும் பேசினாங்களா?” என்றாள். மாநாட்டுக் கட்டுரைகளை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.