நடுவில் நிற்கும் துபாஷி

கிள்ளானில் ஒரு கிளினிக். டாக்டருக்குத் தமிழ் வராது, பாட்டிக்குத் தோட்டத்து மலாய்தான். நடுவில் நான். காலில் ஒரு விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன வரியை விழுங்கிவிட்டேன். “வேற ஒன்னும் சொல்லலியா?” “இல்ல பாட்டி.” இரண்டு பேருக்குமே என்னைச் சரிபார்க்க வழியில்லை.

நம் செல்லுக்குள்ளும் இப்படி ஓர் ஆள் தேவைப்படுகிறது. மரபணுவின் கட்டளை ஆர்.என்.ஏ எழுத்துகளில் வருகிறது, புரதமோ அமினோ அமிலங்களால் ஆனது. ஒன்றுக்கு மற்றது புரியாது. 1955இல் பிரான்சிஸ் கிரிக் நண்பர்களுக்குச் சுற்றுக்கு விட்ட ஒரு குறிப்பில், நடுவே ஓர் ‘அடாப்டர்’ இருந்தாக வேண்டும் என்று ஊகித்தார். எனக்கு அது துபாஷி. துய்ப்ளேக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி. சில ஆண்டுகளிலேயே பாஸ்டனில் ஹோக்லண்டும் ஜமெக்னிக்கும் அந்த ஆளைப் பிடித்துவிட்டார்கள்: கடத்தி ஆர்.என்.ஏ.

அதன் எழுத்துகளை வாசிக்க ராபர்ட் ஹாலிக்கு 140 கிலோ ஈஸ்ட் தேவைப்பட்டது. தேறியது 1 கிராம்! 1965இல் வரிசை வெளியானது. அது மூவிலைக் கீரை போல மடியும் என்று கண்டவர் அவர் குழுவின் எலிசபெத் கெல்லர். 1968 நோபல் ஹாலிக்கு வந்தது, கெல்லருக்கு வரவில்லை.

1974இல் எம்.ஐ.டி.யிலும் கேம்பிரிட்ஜிலும் முப்பரிமாண வடிவம் தெளிந்தது. தலைகீழான ‘எல்’. விஸ்கான்சினில் 1976இல் தனியாக அதே மூலக்கூறை ஆராய்ந்து உறுதிசெய்த குழுவின் தலைவர் பெயர் சுந்தரலிங்கம். வாசித்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘எல்’லின் ஒரு முனையில் கட்டளையைப் படிக்கும் மூன்று எழுத்து, மறு முனையில் அமினோ அமிலம். இடைவெளி சுமார் 7 நானோமீட்டர். ஒரு முனையில் நடப்பது மறு முனைக்குத் தெரியாது.

1962இல் ஷாப்பெவில், லிப்மன் முதலானோர் ஒரு குறும்பு செய்தார்கள். சிஸ்டீனைச் சுமந்த கடத்தியை எடுத்து, சுமையை மட்டும் நிக்கல் வினையூக்கியால் அலனினாக மாற்றினார்கள். ரைபோசோம் கண்டுகொள்ளவே இல்லை. சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அலனினைக் கோத்துவிட்டது. ஆளின் அடையாள அட்டையைப் பார்த்தது, பையைத் திறக்கவில்லை.

அட்டையை எப்படிப் பார்க்கிறது? சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு 2001இல் அதைக் காட்டியது. ரைபோசோமின் மூன்று எழுத்துகள் நீண்டு, இணை சரியாக அமர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கின்றன. முதலிரண்டு எழுத்துகளில் கறார், மூன்றாவதில் தாராளம். 2009 நோபலை அவர் ஸ்டைட்ஸ், யோனத்துடன் பகிர்ந்துகொண்டார். ‘ரைபோசோம்தான் மொழிபெயர்க்கிறது’ என்று படிவம் நான்கில் மனப்பாடம் செய்த வரி பாதி உண்மைதான். அர்த்தம் அதற்கு முன்பே, சுமை ஏற்றும் நொதியிடம் முடிவாகிவிடுகிறது. ஐசோலூசினுக்கும் வேலினுக்கும் வித்தியாசம் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். ஐசோலூசின் ஏற்றும் நொதி சில சமயம் தடுமாறி வேலினை ஏற்றிவிடும். அதனால் தப்பாக ஏற்றியதைப் பிய்த்தெறிய அதற்குள்ளேயே இன்னொரு குழி இருக்கிறது.

அடுத்த வாரம் பாட்டியிடம் அந்த வரியைச் சொன்னேன்.

“தெரியும்யா. அன்னிக்கே ஒன் மூஞ்சியப் பாத்தேன்ல.”