குடும்ப ஜீப் வாங்க முன்னர் உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியில் புதிய இலக்கத்தகடுகளுடன் எஸ்யூவி வாகனங்களை அடிக்கடி காண முடிகிறது. எங்கள் சனங்களுக்கு அவை எல்லாமே 'ஜீப்' தான்.

அந்த ஜீப்புக்குப் பின்னால் வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசு இருக்கும், காணி விற்ற காசு இருக்கும், மிச்சத்துக்கு லீசிங் இருக்கும். 2009 இல் ட்ரக்டரையும் மோட்டார் சைக்கிளையும் முள்ளிவாய்க்கால் கரையில் கைவிட்டு, வெறுங்கையோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்த குடும்பங்கள் இவை. பெரிய திரையையும் தோல் சீற்றையும் பார்த்து மயங்கி இன்னொரு முறை இழப்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. உட்புறத்தின் தரத்தை கண்ணுக்கு முதலில் படும் இடத்தில் தேடக்கூடாது. கையும் காலும் வெயிலும் தூசியும் நாளாந்தம் படும் இடங்களில்தான் தேட வேண்டும்.

விலையை வைத்துத் தரத்தை மட்டிட முடியாது

பெற்றோல் வாகனத்தின் உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவை வைத்தே கணிக்கப்படுகிறது. அதோடு சுங்கத் தீர்வையும் 18 வீத வற் வரியும் சேரும். எனவே நீங்கள் கொடுக்கும் தொகையில் பெரும் பங்கு வாகனத்துக்கு அல்ல, வரிக்கே போகிறது. 996 சிசி ரொயோட்டா ரைஸ் இங்கே பிரபலமானதற்குச் சிறிய எஞ்சின் ஒரு முக்கிய காரணம். அதன் டாஷ்போர்ட் பெரும்பாலும் கடினமான பிளாஸ்ரிக். பல மில்லியன் கொடுத்தும் இப்படியா என்று சிலர் ஏமாற்றமடைகிறார்கள். ஆனால் அந்த வாகனம் ஜப்பானில் ஒரு சிறிய, மலிவான குடும்ப வாகனம்.

கடினமான பிளாஸ்ரிக் ஒரு குறையும் அல்ல. வன்னி வெயிலில் அது நீடித்து உழைக்கும், ஈரத்துணியால் துடைத்தால் தூசி போய்விடும். வெப்பமும் ஈரப்பதனும் சேரும்போது செயற்கைத் தோல்களில் ஒருவகை (பொலியூரத்தேன்) சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியத் தொடங்கும். 'லெதர் சீற்' என்று சொன்னால், எந்தப் பகுதி உண்மையான தோல், எது செயற்கை என்று கேளுங்கள். பல வாகனங்களில் உடல் படும் பகுதி மட்டுமே தோலாக இருக்கும்.

தொட்டும் கேட்டும் பாருங்கள்

கதவின் கைதாங்கியையும் கியருக்கு அருகிலுள்ள பெட்டியையும் அழுத்திப் பாருங்கள். அசைந்தால், கிரீச்சிட்டால், உள்ளே பிடிமானம் தளர்வாக இருக்கிறது. ஜன்னல் பொத்தான், ஏசி திருகி, சீற்றை நகர்த்தும் பிடி எல்லாவற்றையும் பல தடவை இயக்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஏ9 இன் காப்பெற் வீதி போதாது. ஒரு கிறவல் வீதியில், ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். எங்கே கடகடக்கிறது என்று அப்போதுதான் கேட்கும். பிறகு நடுப்பகலில் ஏசியைப் போட்டு, பின்சீற்றில் இருப்பவருக்குக் குளிர் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். பின்சீற்றுக்குத் தனிக் காற்றுத் துவாரம் இல்லாத வாகனங்கள் பல உண்டு.

தூசியும் வெள்ளமும்

பல ஹைபிரிட் வாகனங்களில் பற்றரியைக் குளிரவைக்கும் காற்று, பின்சீற்றுக்கு அருகே அல்லது அடியிலுள்ள ஒரு துவாரம் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அதைப் பையால் மறைத்தாலோ தூசி அடைத்தாலோ பற்றரி சூடாகி ஆயுள் குறையும். வாங்கும்போதே அதன் வலையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் என்ன செய்தது என்பது எங்களுக்குத் தெரியும். நீரில் மூழ்கிய வாகனம் கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வரலாம். சீற் பெல்ற்றை முடிவு வரை இழுத்து, சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீற்றின் அடித் தண்டவாளத்தில் துருவும், கால்விரிப்பின் கீழ் ஈரமணமும் இருந்தால் விலகிவிடுங்கள்.

பாவித்த ஜப்பான் வாகனம் என்றால்

ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் பொதுவாக வாகனத்தின் ஒட்டுமொத்த நிலைக்கு எண்ணும் உட்புறத்துக்கு ஏ, பி, சி, டி என எழுத்தும் இடப்பட்டிருக்கும். ஏ சிறந்தது, சி, டி என்றால் கறை, கிழிசல், சூடுபட்ட அடையாளம் இருக்கலாம். மீற்றர் 30,000 கிலோமீற்றர் காட்ட, ஸ்டியரிங் வழுவழுவென்று மினுங்கி, பிரேக் மிதியின் றப்பரும் தேய்ந்திருந்தால் மீற்றரைச் சந்தேகியுங்கள்.

திரை ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கலாம். ஜப்பானில் எப்.எம். அலைவரிசை 76 முதல் 95 மெகாஹேர்ட்ஸ் வரை, இலங்கையில் 88 முதல் 108 வரை. மாற்றாவிட்டால் எங்கள் வானொலிகளில் பல அதில் கேட்காது. மாற்றும் செலவையும் விலை பேசும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏறி இறங்கும் உடல்

விளம்பரங்கள் சொல்லாத ஒன்று இது. செயற்கைக் காலோடு வாழ்பவர்களும் உடலில் குண்டுச் சிதறலைச் சுமப்பவர்களும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். உயரமான ஜீப் கிறவல் வீதிக்கு நல்லது, ஆனால் அவர்களுக்கு ஏறுவது கடினம். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, பிடித்து ஏறக் கைபிடி இருக்கிறதா, காலை நீட்ட இடம் உண்டா என்று பாருங்கள். சிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போவதென்றால் 300 கிலோமீற்றருக்கு மேல் அந்த சீற்றில்தான் இருக்க வேண்டும். குழந்தை இருந்தால் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோபிக்ஸ் கொளுக்கியும் தேவை.

காசுக்குப் பெறுமதி

ஒரே வாகனத்தின் கீழ் ரகத்தையும் மேல் ரகத்தையும் ஒப்பிடும்போது, மேலதிக காசு எதற்குப் போகிறது என்று எழுதிப் பாருங்கள். கூடுதல் காற்றுப்பைகள், பின்சீற் ஏசித் துவாரம், பின் கமரா ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம். வண்ண விளக்கு, கண்ணாடிக் கூரை, பெரிய திரைக்காக லீசிங்கை ஒரு வருடம் நீட்ட வேண்டியதில்லை.

முற்பணம் கொடுக்க முன்னர், வீட்டில் ஏறி இறங்க அதிகம் சிரமப்படுபவரைக் கூட்டிக்கொண்டு போய், பின்சீற்றில் அரை மணி நேரம் இருத்திப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால், அடுத்த கடைக்குப் போகலாம்.