பாட்டியின் கல்யாணத்துக்குப் பேப்பர் எங்கே?

பொங்கோலில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் வந்து உட்காரும் பாட்டி ஒருவர், மின்தூக்கிக்குக் காத்திருந்த என்னைக் கூப்பிட்டார். "டிவியில வர்ற பொண்ணுதானே நீ? எனக்கு 1958ல கோயில்ல தாலி கட்டினாங்க. பேப்பர் எதுவும் கிடையாது. அது கல்யாணந்தானே?" அவருடைய பேத்தி பதிவுத் திருமணம் செய்துகொண்டு சான்றிதழோடு வீடு திரும்பிய நாள் அது.

"கல்யாணந்தான் பாட்டி" என்றேன். ஏன் என்று சொல்லத்தான் அன்று நேரமில்லை. அதையே இந்த வாரம் மன்றத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

பாட்டி மணந்த காலத்தில் இங்கே எல்லாருக்கும் ஒரே சட்டம் கிடையாது. கிறிஸ்தவ முறையிலும் பதிவு முறையிலும் மணந்தவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்திதான். முஸ்லிம்களுக்குத் தனி ஏற்பாடு. 1958இல் ஷரியா நீதிமன்றம் வந்தது. இந்துக்களும் சீனர்களும் வழக்கப்படி மணந்தார்கள். வழக்கமோ, எத்தனை மனைவி என்று கணக்குக் கேட்கவில்லை. 1908இல் தீர்ப்பான 'ஆறு விதவைகள் வழக்கு' பிரசித்தம். சீனச் செல்வந்தர் ஒருவர் இறந்தபின் ஆறு பெண்கள், "நான்தான் மனைவி" என்று வந்து நின்றார்கள். சீனர் வழக்கத்தில் பலதார மணம் உண்டு என்று நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

நம்மவர் கதைக்கு வருவோம். தனி ஆளாகக் கப்பலேறி வந்தவர்கள் ஏராளம். ஊரில் மனைவி மக்கள் இருப்பார்கள். சில ஆண்டுகளில் இங்கே இன்னொரு குடும்பம். சென்னை மாகாணம் 1949இலேயே இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடைசெய்து, விவாகரத்துக்கும் வழி வைத்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் இந்திய அளவில் அதைச் செய்தது. நாகப்பட்டினத்தில் குற்றமானது, சிங்கப்பூர் துறைமுகத்தில் 1961 வரை குற்றமில்லை! பணம் வருவது நின்றபோது ஊரில் இருந்தவள் யாரிடம் முறையிடுவாள்? இங்கே இருந்தவளிடமும் காட்டுவதற்குத் தாலியைத் தவிர ஒன்றும் இல்லை.

இதை மாற்றக் குரல் கொடுத்தது 1952இல் உருவான சிங்கப்பூர் மாதர் மன்றம். அதன் முன்னோடி, பம்பாயில் பிறந்த ஷிரின் ஃபோஸ்தார். 1959 தேர்தலில் 'ஒருவனுக்கு ஒருத்தி' என்ற வாக்குறுதியை மக்கள் செயல் கட்சி கையில் எடுத்தது. ஐந்து பெண்கள் சட்டமன்றம் சென்றார்கள். அவர்களில் சான் சோய் சியோங் இதற்காக விடாமல் பேசியவர். 1961 மே 24ஆம் தேதி மாதர் சாசனம் நிறைவேறியது. செப்டம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது.

அந்தத் தேதிதான் பாட்டிக்கான பதில். அதற்கு முன் மதப்படியோ வழக்கப்படியோ முறையாக நடந்த மணங்கள் பதிவானவையாகவே கருதப்படும் என்கிறது சாசனம். அதற்குப் பிறகு, முஸ்லிம் அல்லாதவர் இங்கே கோயிலில் ஆயிரம் பேர் முன்னிலையில் தாலி கட்டினாலும், அனுமதியும் உரிமம் பெற்றவர் முன்னிலையில் நடக்கும் சடங்கும் இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது மணமல்ல. இன்றும் இது தெரியாமல் 'கோயில் கல்யாணம் போதும்' என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முறிந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

முறிவு என்றதும் மன்றத்தில் பலரும் தயங்கினார்கள். நான் தயங்கவில்லை. தொடக்கத்தில் கணவனோ மனைவியோ குற்றம் செய்ததாகக் காட்டினால்தான் பெரும்பாலும் விவாகரத்து. 1980இல் திருத்தம் வந்து, 'மீட்க முடியாத முறிவு' அடிப்படையானது. அப்போதும் தகாத உறவு, நடத்தை, கைவிடுதல், மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பிரிவு என்று ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இருவரும் மனமொத்துக் கேட்கலாம். ஆனால் காரணத்தையும், சேர்ந்து வாழ எடுத்த முயற்சியையும் எழுதித் தர வேண்டும். மணமாகி மூன்று ஆண்டு ஆகாமல் பொதுவாக மனுச் செய்ய முடியாது.

எங்கள் வட்டாரத்தில் பலருக்கு வரிசையே வேறு: முதலில் வீவக வீட்டுக்கு விண்ணப்பம், பிறகு பதிவு, கடைசியில் கோயில். பதிவுக்கும் தாலிக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில் மனம் மாறினாலும் அவர்கள் சட்டப்படி கணவன் மனைவியே. "இன்னும் தாலி ஏறலையே" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வது நீதிமன்றத்தில் எடுபடாது.

மறுநாள் பாட்டியிடம் தேதியைச் சொன்னேன். "செப்டம்பர் பதினஞ்சு, அறுபத்தொண்ணு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு பேத்தியின் அழைப்பிதழை நீட்டினார். தை மாதம், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் மண்டபம்.